ஒரே போனில் பன்னிரண்டு பேர்

மூன்று மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்றார்கள் தலைமை அலுவலகத்தில். காதில் விழும்போது ஏதோ கடையில் மூன்று மிக்சியைப் பார்த்து ஒன்றை எடுத்து வருகிற வேலை மாதிரிதான் இருந்தது. மூன்று மாதம் என் உயிரை எடுத்தது அது. இன்றைக்கும் யாராவது 'டெமோ' என்று வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெங்களூரில் ஹெப்பகோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மின்சார மீட்டருக்கான உதிரிபாகங்கள் செய்கிற இடம். பிரஸ் மெஷினில் கையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது. கெமிக்கல் டப்பாவை எப்படித் திறப்பது. தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓடுவது என்று மொத்தம் ஆறு பாடங்கள். எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை அவற்றைப் படித்துத் தேற வேண்டும். முன்பெல்லாம் நான் வகுப்பெடுப்பேன், வந்தவர்கள் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் பொருளை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்த மனிதர் ஒருநாள் அந்த ரிஜிஸ்டரைப் புரட்டி, ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒன்பது கையெழுத்து என்று விரலை வைத்துக் காட்டினார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டால் ஒருத்தி எல்லோருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போவது எங்கள் ஃப்ளோரில் வழக்கம். எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டிருந்தேன். அன்றைக்கு என் மானம் கப்பலேறியது. அதன் பிறகுதான் பயிற்சியை ஆன்லைனுக்கு மாற்றுகிற பேச்சு வந்தது.

முதல் மென்பொருள் வெளிநாட்டுக்காரர்களுடையது. அதைக் காட்டிய பையனுக்கு எந்தக் கேள்வி கேட்டாலும் "செய்யலாம் மேடம்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. தமிழில் பாடம் போட முடியுமா? செய்யலாம் மேடம். சரி, காட்டு. அடுத்த வெர்ஷனில் வரும் மேடம். இரண்டாவது இலவசமாகக் கிடைப்பது. எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் அதை நிறுவிக் காட்டினார், மறுநாள் அது படுத்துக்கொண்டது, எழுப்ப நான்கு நாள் ஆயிற்று. மூன்றாவது இங்கே பெங்களூரிலேயே செய்தது. போனிலேயே எல்லாம் நடக்கும், பாடம் முடித்தால் நட்சத்திரம் கொடுக்கும், யார் முதலிடம் என்று பட்டியல் போடும். தமிழும் இருந்தது. தமிழென்றால் என்ன தமிழ்! 'உங்கள் அங்கங்களை இயந்திரத்தின் ஆபத்து மண்டலத்திலிருந்து அகற்றி வைத்திருப்பதை உறுதிசெய்க' என்று ஒரு பெண் குரல் மூச்சே விடாமல் படித்தது. இதை யாரய்யா கேட்பார்கள் என்றேன். மூன்றிலும் இதுதான் மேடம் தேவலாம் என்றார்கள் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில். அது உண்மையும்தான்.

நான் என் எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டேன். அறுபது வரிகள். நாற்பத்தோராவது வரியை நானே சேர்த்தேன்: ஒரே போனில் பல பேர் தேர்வு எழுதினால் கண்டுபிடிக்குமா? அந்த ஒன்பது கையெழுத்து என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. முதல் இரண்டிலும் முடியாது. மூன்றாவதுகாரர்கள் மட்டும் கண்டுபிடிக்கும் மேடம், உடனே பூட்டிவிடும், மேலிடத்துக்கு மெயிலும் போய்விடும் என்றார்கள். பத்துக்குப் பத்து போட்டு, எழுத்தைத் தடித்த எழுத்தாக்கி, மஞ்சள் வண்ணமும் அடித்தேன். அந்த ஒரு வரியில்தான் அது ஜெயித்தது. ஷீட் என் பெயரில் தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று, சபாஷ் என்று பதில் வந்தது. அந்த மெயிலை என் வீட்டுக்காரருக்குக்கூட அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது இப்போது சொல்ல.

பிரஸ் லைனில் ஒரு பெண் இருந்தாள். கோலார் தங்கவயல்காரி. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். ஏழு வருடமாகக் கான்ட்ராக்டில் வேலை. அவளுடைய அப்பா சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர், நாலடி நடந்தால் நின்றுவிடுவார். கம்பெனியில் நிரந்தரமானால் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. அந்த வருடம் நிரந்தரமாக்கப் போகிற ஆறு பேரில் அவளும் ஒருத்தி. ஆறு பாடமும் தேறியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. லிஸ்டில் தன் பெயரைப் பார்த்த அன்றைக்கு என் ரூமுக்கு வந்து ஒரு டைரி மில்க் சாக்லேட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

புதிய மென்பொருள் வந்து மூன்றாவது வாரம், காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் சிவப்பு. பன்னிரண்டு பேருடைய கணக்கு பூட்டப்பட்டிருந்தது. ஒரே போன், ஒரே காலை, பன்னிரண்டு பேர் தேர்வு முடித்திருக்கிறார்கள். போன் அவளுடையது. நான் பார்ப்பதற்கு முன்பே எச்.ஆர். மேனேஜருக்கு மெயில் போயிருந்தது. நான் கேட்டு வாங்கிய வசதி அல்லவா, ஒழுங்காக வேலை செய்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. லிஸ்டில் பெயர் இருக்கும்போது இவளுக்கு எதற்கு இந்த வேலை? ஃப்ளோரிலிருந்து வரச்சொல்லி, கதவைக்கூடச் சாத்தாமல் கத்தினேன். ஏம்மா, உனக்கு மூளை கீளை இருக்கா என்று கேட்டேன். அவள் நான் முடிக்கும்வரை நின்றாள்.

"ட்ரெயின்ல படிச்சோம் மேடம்," என்றாள். "ரெண்டு மணி நேரம் சும்மா தான உக்காந்துனு வரோம். அது பேசற தமிழு யாருக்கும் புரியல. நான் படிச்சி, நம்ம மெஷின வெச்சி சொல்லிக்குடுத்தேன். கேள்வி வந்தா அவுங்கவுங்க பதில் சொல்வாங்க, நான் அழுத்துவேன். என் போனு ஒண்ணுலதான் அது ஓடுது."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலில் பன்னிரண்டு பெண்கள் ஒரே பெட்டியில் வருகிறார்கள். கே.ஆர்.புரத்தில் இறங்கிக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். பாதிப் பேரிடம் பட்டன் போன். மீதிப் பேர் வீட்டில் இருக்கிற நல்ல போன் வீட்டுக்காரன் கையில். நான்கு பேருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவரவர் எம்ப்ளாயி நம்பரையும் பிறந்த தேதியையும் இவளிடம் சொல்லியிருக்கிறார்கள், இவள் ஒவ்வொருத்தியாக உள்ளே போய் முடித்திருக்கிறாள். பிரேசர் டவுனிலிருந்து சில்க் போர்டு நெரிசலில் தினமும் வந்து போகிற எனக்கு, அறுபது வரி ஷீட் போட்ட எனக்கு, இது ஒன்றும் தெரியாது. யாரிடம் என்ன போன் இருக்கிறது என்று ஒரு வரி நான் போடவில்லை.

இருந்தாலும் நம்பவில்லை. மதியம் கேன்டீனுக்குப் போய், மற்ற பதினொரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பிரஸ்ஸில் பீஸ் மாட்டிக்கொண்டால் என்ன செய்வாய்? எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொன்னார்கள்: பச்சை லைட் அணைந்தபின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் கையை உள்ளே விடுவோம். சாவியை ஏன் இடுப்பில் செருக வேண்டும் என்று கேட்டேன். வேற யாரும் ஆன் பண்ணிடக் கூடாதே என்றாள் எழுத்துக்கூட்டிப் படிக்கிற நால்வரில் ஒருத்தி, இதுகூடவா தெரியாது என்பது மாதிரி என்னைப் பார்த்து. பத்து வருடம் நான் எடுத்த வகுப்பில் இந்தப் பதில் எனக்குக் கிடைத்ததில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் விசாரணை. எச்.ஆர். மேனேஜரும் நானும் அவளும் மட்டும்தான். அவர் கெட்ட மனிதர் இல்லை, கன்னடத்தில் நிதானமாகத்தான் பேசுவார். மற்றவர்கள் பெயரில் நீ தேர்வு முடித்தாயா என்று கேட்டார். முடித்தேன் என்றாள். நான் குறுக்கே புகுந்து, கேன்டீனில் கேட்டதையெல்லாம் சொன்னேன். பதினொரு பேரும் நன்றாகக் கற்றிருக்கிறார்கள், கூப்பிட்டு இப்போதே கேளுங்கள் என்றேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, இதைச் சிஸ்டத்தில் எங்கே பதிவது என்றார். அதற்கு இடமில்லை என்றேன். பெயருக்கு நேரே 'தேறினார்', 'தேறவில்லை', 'ஆள்மாறாட்டம்' என்ற மூன்று கட்டங்கள்தான் இருந்தன.

அப்புறம் அவர் கேட்டார்: அப்படியென்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த சிஸ்டம்தான் தப்பா மேடம்? அப்படி எழுதிக் கொடுக்கிறீர்களா, நான் மேலே அனுப்புகிறேன்.

அந்த மாதம் எனக்குச் சம்பள உயர்வுக்கான அப்ரைசல். சபாஷ் மெயில் என் இன்பாக்சில் இருந்தது. மூன்று மாதமும் அறுபது வரியும் என் பெயரில் இருந்தன. இல்லை சார், சிஸ்டம் சரியாகத்தான் வேலை செய்கிறது என்றேன்.

ஆய்த்து, பிடி மேடம் என்றார். கன்னடத்தில் முடிந்தது, விடுங்கள் என்று அர்த்தம். பதினொரு பேருக்கு எச்சரிக்கை, ஒரு வாரத்துக்குள் அவரவர் போனில் பாடத்தைத் திரும்ப முடிக்க வேண்டும். அவள் பெயர் லிஸ்டிலிருந்து எடுக்கப்படும், அடுத்த வருடம் பார்க்கலாம். அவளுக்குக் கன்னடம் என்னைவிட நன்றாக வரும். ஒரு சொல் விடாமல் புரிந்திருக்கும். எழுந்து, நாற்காலியை மேஜைக்கு அடியில் சரியாகத் தள்ளிவிட்டு வெளியே போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவுக்கு வேறு ஏதாவது ஏற்பாடு பண்ணலாம், எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இருக்கிறார் என்று உளறினேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று, கையுறையை மாட்டிக்கொண்டே யோசித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"மேடம், போனு எங்கயாச்சும் கேட்டு வாங்கிக்குவாங்க. ஆனா அந்த நாலு பேருக்குச் சரியா படிக்க வராது," என்றாள். "ஒரு வாரத்துல முடிக்கணும்னா யாராச்சும் படிச்சிக் காட்டணும். இனிமே நான் ட்ரெயின்ல படிச்சிக் காட்டலாமா? இல்ல அதுவும் தப்பா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.