அது அவவின்ர குரல் இல்லை

பிரெஞ்சு பேசும் மாநகரில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு தமிழ்க் கடை. கல்லாவுக்கு மேலே தொலைக்காட்சியில் ஆங்கிலேய நகைச்சுவை நடிகை ஒருவரின் மரணச் செய்தி. பழைய தொடரின் காட்சியில் அவர் பிரெஞ்சு டப்பிங்கில் பேசுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லண்டன் மேடையில் ஒரு பெருமூச்சாலேயே அரங்கத்தைச் சிரிக்கவைத்த குரல்! செத்த அன்றைக்குமா அதைப் பிடுங்கவேண்டும்?

கடைக்கார அக்கா கண்ணைத் துடைக்கிறார். "வந்த புதுசில இவவைப் பாத்துத்தான் தம்பி நான் பிரெஞ்சு படிச்சனான்."

"அது அவவின்ர குரலே இல்லை அக்கா! வேற ஆரோ மனிசி குரல் குடுத்திருக்கிறா" என்று வெடிக்கிறேன்.

செய்தி முடிந்து விளம்பரம் வருகிறது. அக்கா என்னை முறைக்கிறார்.

"அப்ப எனக்குப் படிப்பிச்ச மனிசியின்ர பேரை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"