குறையாத எண்ணெய்

எங்கள் வண்டி எண்ணெய் ஒழுக்கும். ஊரிகத்தில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் அத்தனைக்கும் இது தெரியும். வாசல் சிமெண்டில் பரவியிருந்த கறுப்புக் கறையைச் சுற்றிக்கொண்டுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் போவார்கள். ஒழுகுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பா பழசாக வாங்கிய பெட்ரோல் கார், அதனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? என்னைக் கலங்க வைத்தது வேறு விஷயம். தினமும் ஒழுகும் வண்டியில் எண்ணெய் குறையவே இல்லை.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுரங்கத்துக் கல்தூசி நுரையீரலைத் தின்றதில் போனார். அம்மாவுக்கும் மூச்சுக் கோளாறு. மாதாமாதம் அவளைப் பெங்களூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். காலை ரயிலில் நானே தினமும் வேலைக்கு ஒற்றைக்காலில் நின்று போகிறேன், அந்த நெரிசலில் அவளை ஏற்ற முடியாது. வண்டியை விட்டால் வேறு கதி இல்லை. ஆனால் பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் எண்ணெய் சூடான குழாயில் சொட்டிக் கருகி, உள்ளே புகை வந்துவிடும். அம்மா வழியெல்லாம் இருமுவாள். போன தடவை டாக்டர் என்னைத்தான் திட்டினார். இந்தப் புகை இன்னும் கொஞ்ச நாள் போனால் இவளைப் படுக்கையில்தான் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

இத்தனைக்கும் நான் கண்ணாடியை இறக்கப்போனால் அவள் விடமாட்டாள்.

"மூடுடி. உங்கப்பா சட்ட வாசன வருது."

"அவரு நுரையீரல்தான் போச்சு, உன்னுதும் போவணுமா?" என்று கத்தினேன். கத்திவிட்டு நானும் அந்த வாசனையை இழுத்தேன். அப்படியே அவர் சட்டைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராபர்ட்சன்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எஞ்சினை டீசல் போட்டுக் கழுவி, காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மேலெல்லாம் தூவினார். அலங்கரித்த வண்டியைக் கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டி வந்தோம். திறந்து பார்த்தால், எஞ்சினின் மேல்மூடி உட்காரும் இடத்தில் பவுடர் பழுப்பாக ஊறியிருந்தது. கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றினார். சில நாள் வாசல் காய்ந்திருந்தது. பிறகு வேறு இடத்திலிருந்து கசிய ஆரம்பித்தது.

மறுபடி போனபோது அவர் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, துடைத்து, விட்டு எடுத்துப் பார்த்தார். 'ஃபுல்' கோட்டுக்கும் மேலே கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய் நின்றது.

"யாரு ஊத்துறாங்கக்கா? அளவுக்கு மேல ஊத்துனா உள்ள அழுத்தம் ஏறும். எங்க சந்து கெடைக்குதோ அங்க பிச்சிக்கினு வரும். நான் இன்னா மாத்துனாலும் நிக்காது."

"யாரும் ஊத்துறதில்லயே."

அவர் நம்பவில்லை. கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் பானெட்டைத் திறந்த ஆள் அப்பா ஒருவர்தான். அவர் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் டிரைவர். சுரங்கக் குழியான ஷாஃப்டில், ஆட்களைச் சுமக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டைக் கயிற்றில் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் பேரிங்குகளுக்கு எண்ணெய் விடுவார். அந்த எஞ்சினில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும், சொட்டச் சொட்ட விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டு நின்றால்தான் அங்கே பயம். சுரங்கம் மூடிய பிறகு வாங்கிய இந்தக் காரையும் அவர் அப்படியே நடத்தினார். காலையில் காபிக்கு முன் அதற்கு ஒரு டம்ளர் எண்ணெய். கார் எஞ்சின் வேறு மாதிரி என்று சொன்னால், "மெஷினப் பத்தி எனக்கே சொல்றியா?" என்பார்.

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. கோயிலுக்கே கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் போகிறவள். ஆனாலும் அவர்தான் வந்து ஊற்றுகிறார் என்று நினைத்தேன். பயமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் எனக்கு லீவு, மற்ற நாளில் விடிவதற்குள் ரயிலேறியிருப்பேன். விடிந்ததும் வாசலில் பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூக்கி நின்ற பானெட் ஆளை மறைத்திருந்தது. வண்டிக்கு அடியில் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அப்பாவின் ரப்பர் செருப்பு.

பிறகு இருமல் கேட்டது. அம்மாவின் இருமல்.

ஓடிப்போய் அவள் கையிலிருந்த டின்னைப் பிடுங்கினேன். அப்பா கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்திருந்த டின்களில் ஒன்று.

"இன்னாம்மா பண்ற? உனக்குப் பைத்தியமா?"

"பைத்தியம் இல்லடி. கடைசி ஆள் மேல வர்ற வரைக்கும் ஊத்தணும். 'ஏறியாச்சு'ன்னு குரல் வராம உங்கப்பா என்னிக்காவது சீட்ட உட்டு எழுந்திருக்காரா?"

"கீழ யாரும்மா இருக்காங்க இப்ப? எல்லாத்தையும் மூடிட்டாங்களே."

அவள் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உங்கப்பா இருக்காரு இல்ல. கல்லறத் தோட்டத்துல நாமதான கயிறு கட்டி எறக்கனோம்? ஊரையே ஏத்தி உட்டாரு. அவர ஏத்தறதுக்கு ஒரு ஆள் இல்ல."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த டின்னை வைத்துக்கொண்டு கறையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டின்களை ஒளித்து வைத்திருக்கலாம். நான் ரயிலேறிய பிறகு அவள் கடையில் வாங்கி ஊற்றுவாள், எனக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். பழைய எண்ணெயை முழுக்க வடித்து, பிய்ந்துபோன ஆயில் சீல் வளையத்தை மாற்றினார். புது எண்ணெய் ஊற்றும்போது டின்னை வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

அம்மா ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். நடுநடுவே நான் கம்பியை விட்டு அளவு பார்த்தேன். கோட்டைத் தொட்டதும், "போதும்மா" என்றேன்.

அவள் டின்னை நிமிர்த்தவில்லை. என்னையே பார்த்தாள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அதைச் சொன்னால்தான் இவள் பிழைப்பாள் என்பதும் புரிந்தது.

"ஏறியாச்சும்மா," என்றேன்.

டின்னைக் கீழே வைத்தாள். மூடியைத் தானே திருகி இறுக்கினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்ப அவரு ஏன்டி இன்னும் வூட்டுக்கு வரல?" என்று கேட்டாள்.