வெர்னாவின் மூன்று நிமிடம்

அரிசோனா வெயிலில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் வெர்னா டாலிவர். முதுகுக்குப் பின்னால் எழுபது பிள்ளைகள் கூச்சல் போட்டாலும் அசராதவரை, குடியிருப்போர் சங்கத்திலிருந்து வந்த ஒரு கடிதம் ஆட்டிவைத்துவிட்டது. ‘உங்கள் மரத்தின் வேர் தள்ளிப் பின்சுவர் விரிசல் விட்டது. சரிசெய்த செலவு ஆயிரத்து எண்ணூறு டாலர். கட்டும்வரை சங்கத்து நீச்சல் குளத்துக்கான உங்கள் மின்சாவி வேலை செய்யாது.’

பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம், குளம்தான் கவலை. பேருந்து இருக்கையிலேயே தேய்ந்துபோன இடுப்பு அது. காலையில் அரை மணி நேரம் நீந்தினால்தான் அன்றைக்கு நடக்கவே முடியும். குளத்தை மூடினால் அவரை நாற்காலியோடு கட்டிப்போட்ட மாதிரிதான்.

அதுவும் எந்த மரத்துக்காக? வெர்னாவின் கொல்லையில் சரளைக் கல்லைத் தவிர ஒரு புல் கிடையாது.

கடிதத்தோடு வந்த படத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. சுவருக்கு மேலே காய்த்துத் தொங்கிய பப்ளிமாஸ் மரம், நாலு வீடு தள்ளியிருக்கும் டுவேன் பிராதருடையது. குளிர்காலம் வந்தால் பழத்தை மூட்டை கட்டித் தெருவோரம் வைப்பார். எடுக்க ஆளில்லாவிட்டால் அடுத்தவர் வாசலில் போட்டுவிட்டு ஓடியே போவார். வேலைக்காரர்கள் வீட்டைக் குழப்பிக்கொண்டதிலும் அதிசயமில்லை. எல்லா வீடும் ஒரே மணல் நிறத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டு அபராதமும் வாங்குகிற சங்கமாயிற்றே!

பெயரைச் சொன்னால் தீர்ந்தது. ஆனால் டுவேன், மனைவியின் ஆஸ்பத்திரிக் கடனிலிருந்து இப்போதுதான் தலையெடுக்கிறார். தினமும் கூட நீந்துகிற மனிதர் வேறு. வெர்னாவுக்கு மனசு வரவில்லை.

சங்கக் கூட்டத்தில் பேச ஆளுக்கு மூன்று நிமிடம்தான். தலைவர் லைல் ஹெண்டர்ஷாட் மணியைத் தட்டியதும் வெர்னா எழுந்தார்.

"தம்பி, இது என் சுவர் இல்ல. என் வீட்ல மரமே இல்ல."

"அப்போ யார் சுவர் மேடம்?"

"அத என்கிட்ட கேக்கறியே! ஊரையே ஒரே கலர்ல பூச வச்சது நீ. தேடிக் கண்டுபிடி."

கூட்டம் சிரித்தது. லைல் முகம் சிவந்துவிட்டது. கடிதத்தோடு அனுப்பிய படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"தெரிஞ்சே மறைக்கிறீங்க. பேரச் சொன்னா சாவி இப்பவே வேலை செய்யும்."

வெர்னாவுக்கு இடுப்பு வலித்தது, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயமாகத்தான் இருந்தது. மூன்று நிமிடமும் அப்படியே கரைந்து, மணி அடித்தது.

பின்வரிசையில் டுவேன் எழுந்தார். "அந்தப் படத்தக் கொஞ்சம் காட்டுப்பா... அட, என் மரம்! ஆளுங்க வந்து பூசிட்டுப் போனாங்க. சங்கம் சும்மாவே செஞ்சு குடுத்துச்சுன்னு நெனச்சேன்."

"இந்தச் சங்கமா? சும்மாவா?" என்றார் ஒருவர். அடங்கிய சிரிப்பு மறுபடி கிளம்பியது.

"லைல், போன ஜனவரில ஆறு பை உன் வாசல்ல வச்சேனே, அது இந்த மரத்துப் பழந்தான். செலவ என் பேர்ல எழுதிக்க. மாசாமாசம் கட்டிடறேன்."

வெளியே வந்ததும் டுவேனை வெர்னா பிடித்துக்கொண்டார். "உன்ன யாருய்யா எந்திரிக்கச் சொன்னது?"

"நீ நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதப் பாத்துட்டு எப்படி உக்காந்திருக்கச் சொல்ற?"

மறுநாள் காலை வெர்னாவின் சாவிக்குக் குளத்துக் கதவு திறந்தது. டுவேனின் சாவிக்குத் திறக்கவில்லை. அவர் துண்டைத் தோளில் போட்டபடி வீட்டுக்குத் திரும்பிப் போகப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?" என்று கதவை அகலத் திறந்து பிடித்தார் வெர்னா. வாசலில் கிடந்த வருகைப் பதிவேட்டில், விருந்தாளி என்ற இடத்தில் டுவேனின் பெயரை எழுதினார். சட்டப் புத்தகத்தோடு ஓடிவந்த லைல், முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். கடன் வைத்தவர் விருந்தாளியாக வரக்கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

"கடன் தீர எத்தன மாசம் ஆகும்?" என்றார் வெர்னா, தண்ணீரில் இறங்கிக்கொண்டே.

"பதினெட்டு."

"சரி, தெனமும் எழுதறேன். வா, தண்ணி ஜில்லுனு இருக்கு."