ஒருவரும் வராத படம் தேடி பால்மர்ஸ் கிரீன் வரை

வீட்டில் இருக்க முடியவில்லை. அதுதான் காரணம். என் கணவர் இறந்து அப்போது பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் ஒரு கதிரையில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்ததாக நினைவில்லை. சென்ற ஒக்டோபரில், வேலையில்லாத ஒரு வியாழக்கிழமை, கிழக்கு லண்டன் இல்ஃபோர்டிலிருந்து வடக்கே பால்மர்ஸ் கிரீனுக்குக் கிரேக்கப் படம் ஒன்று பார்க்கப் போனேன். பத்து மைல் அளவு தூரம். இதையும் பயணம் என்று எழுதுகிறாளே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

ஏன் கிரேக்கப் படம்? ஆண்டுத் திவசம் முடியும்வரை கலியாணவீடு, திருவிழா, கொண்டாட்டம் எதற்கும் போகக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். படம் பார்ப்பதும் அதில் சேருமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சேரும். என் மச்சாள், அதாவது கணவரின் தமக்கை, செத்தவீடு முடிந்த மறுநாளே போகக்கூடாத இடங்களை வரிசையாகச் சொன்னவர். தம்பி கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷி. அந்தக் கோபத்தில் அவருடன் பேச்சையே நிறுத்தியிருந்தேன். தமிழ்ப் படத்துக்குப் போனால் நான் வீடு திரும்புமுன் செய்தி சட்டனில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்விடும். கிரேக்கப் படத்துக்கு எந்தத் தமிழர் வரப்போகிறார்?

12.10க்கு எலிசபெத் லைன் ரயில். லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு இருபது நிமிடம். அங்கே மூர்கேட் பக்கத்து வாசலால் வெளியேற வேண்டும். பலகையைப் பார்க்காமல் கூட்டத்தோடு நடந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள். நான் போனேன், பன்னிரண்டு நிமிடம் வீண். மூர்கேட்டிலிருந்து புறப்பட்ட ரயிலில் இடம் இருந்தும் கதவோரம் நின்றேன். ஃபின்ஸ்பரி பார்க்கில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அலெக்சாண்ட்ரா பேலஸிலும் நினைத்தேன். எப்படியோ 1.25க்குப் பால்மர்ஸ் கிரீன் வந்துவிட்டது.

இந்தப் பக்கம் சைப்பிரஸிலிருந்து வந்த கிரேக்கர் அதிகம். நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. வழியில் பேக்கரிகளிலிருந்து எள்ளுத் தூவிய பாண் வாசம். படம் போட்டது தியேட்டரில் அல்ல, அவர்களுடைய சமூக மண்டபம் ஒன்றில். காப்பியோடு எட்டுப் பவுண். வாசலில் நின்ற பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்களுக்குக் கிரேக்கம் தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “தெரியாது. அதற்காகத்தான் வந்தேன்” என்றேன். விளங்கியதோ என்னவோ, ஒரு பிஸ்கட் கூடுதலாக வைத்தார்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருக்கலாம். எழுந்து ஓட வசதியாகக் கடைசி வரிசையின் ஓரத்தில் இருந்தேன்.

படம் இதுதான். ஒரு தீவு. பஸ் ஓட்டுகிற ஒருவரின் மனைவி இறந்துபோகிறாள். மறுவாரம் முதல் நாலு மணி பஸ்ஸில் அவள் வழக்கமான தரிப்பில் ஏறுகிறாள். பஸ் கடைசித் தரிப்புக்குப் போனதும் மறைந்துவிடுகிறாள். ஆகவே மனுஷன் பஸ்ஸை ஆமை வேகத்தில் ஓட்டுகிறார். வழியில் இல்லாத ஊர்களுக்கெல்லாம் சுற்றுகிறார். பயணிகள் திட்டுகிறார்கள். அவள் பக்கத்து இருக்கையில் ஒருவரையும் இருக்க விடுவதில்லை. அந்த பஸ்ஸில் தினமும் ஒருவன் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வருகிறான். பாதிப் படம் போனபிறகுதான் தெரிகிறது, அவன் அவளுடைய தம்பி. அக்காவின் பின்கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தினமும் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறான்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் யாரோ விம்மினார்கள். சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம். தலையைப் பார்த்தேன். அந்தக் கொண்டையை எனக்குத் தெரியும்.

முதலில் ஓடத்தான் நினைத்தேன். கையில் பையையும் எடுத்துவிட்டேன். ஆனால் தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்த பிறகு கால் வரவில்லை. பத்து மாதமாக என் துக்கத்துக்குப் பக்கத்தில் ஒருவரையும் இருக்க விடாமல் நானும்தான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. எழுந்து போய் மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தேன். திரும்பிப் பார்த்தவர் பேயைக் கண்டதுபோல் வெருண்டார்.

“நீ எங்கை இஞ்சை?”

“இஞ்சை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் வராயினம் எண்டுதான் வந்தனான், மச்சாள்.”

“நானும் அப்பிடித்தான்” என்றார். சட்டனிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம், லண்டனின் தெற்குக் கோடியிலிருந்து வடக்கே வந்திருக்கிறார். “உனக்கு முன்னாலை அழுதா நீ உடைஞ்சு போவாய் எண்டு நினைச்சன். வீட்டிலை பிள்ளையள். கோயில்லை எல்லாரும் பாக்கினம். எங்கை போய் அழுறது?”

பையைக் கீழே வைத்தேன். மிச்சப் படத்தைச் சேர்ந்து பார்த்தோம். பஸ்காரர் கடைசியில் என்ன செய்தார் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மண்டபத்தில் குளிர் அதிகம், தடித்த சுவெட்டர் வேண்டும். கீழே ஓடும் ஆங்கில எழுத்து சிறியது. கண்ணாடி போடுகிறவர்கள் முன்னால் இருங்கள். கடைசி வரிசை ஓரம் ஓடுவதற்கு நல்லதுதான், படம் பார்க்க நல்லதல்ல. கிரேக்கம் தெரியாதது ஒரு குறையே இல்லை.

திரும்பும்போது பிளாட்போம் வாங்கில் இருந்தபடி மச்சாள் கேட்டார். தம்பி இறந்த அன்று, அவர் சட்டனிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

“தம்பி கடைசியா என்ன சாப்பிட்டவன்? கேக்க வேணும், கேக்க வேணும் எண்டு... கேக்க ஏலாமல் இருந்தது.”

“காலமை புட்டும் முட்டைப் பொரியலும். புட்டு காய்ஞ்சு போச்செண்டு கத்தினவர்.”

“பிறகு?”

“பிறகு முழுக்கச் சாப்பிட்டவர். சட்டிக்கை கிடந்ததையும்.”

மச்சாள் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. எனக்கும். “இன்னும் சொல்லு” என்றார். சொன்னேன். அந்த நிலையத்தில் அரை மணிக்கு ஒரு ரயில். நாங்கள் இரண்டை விட்டோம்.