யாரும் கேட்காத விரதம்

பதினேழு வயதில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள் தெரியுமா! அம்மாவைவிட மூத்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், பட்டுப்புடவை சரசரக்க வந்து என் முன்னால் குனிந்தார்கள். நானும் பெரிய தவசி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையை உயர்த்தினேன். இப்போது நினைத்தால் அந்தப் பெண்ணுக்கு முதுகில் நாலு வைக்கலாம் போலிருக்கிறது. வைத்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாள். அவ்வளவு மெலிந்து கிடந்தாள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். மேல்சித்தாமூரில் எங்கள் மடம் இருக்கிறது. நல்லது கெட்டது எதற்கும் அங்கேதான் போவோம். எங்கள் ஜனங்களிடம் உபவாசத்துக்குத் தனி மரியாதை. ஒருவர் நாள்கணக்கில் நோன்பு இருந்து முடித்தால் உறவெல்லாம் கூடி, ஆளுக்கொரு வாய் ஊட்டிக் கொண்டாடுவார்கள். விரதம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், சாப்பிடு என்று வற்புறுத்துவது பாவம். உண்மைதானா என்று சந்தேகப்படுவது அதைவிடப் பாவம்.

எனக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று.

ஆரம்பம் என்னவோ அற்ப விஷயம்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, டீச்சர் டிரெய்னிங் போகிறேன் என்று நைனாவிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அதே மாதம் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மாள், "பொண்ணு மல்லாட்டை மூட்டையாட்டம் நல்லாத்தான் இருக்குது" என்று சிரித்தாள். மண்டிக்காரர் மகள் என்பதால் அது பெரிய நகைச்சுவையாம். எல்லோரும் சிரித்தார்கள். நைனாகூடச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மதியம் சோறு வேண்டாம் என்றேன். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்: "வெரதம்."

அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! என்னைப் பார்த்து அவள் அப்படிப் பூரித்ததே கிடையாது.

பிறகு அது என் கையில் இல்லை. ஒரு நாள் போய் ஒரு வாரம் ஆனது, வாரம் போய் மாதங்கள் ஆயின. நெய்யை விட்டேன், இனிப்பை விட்டேன், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். உள்ளூர நடந்தது வேறு. பொழுது விடிந்தால் சோற்று நினைப்பு, பொழுது போனால் சோற்று நினைப்பு. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் பயம் வந்து கை தட்டைத் தள்ளிவிடும். என்ன பயம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கூந்தல் கொட்டியது. குளிர் நடுக்கியது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கும்பிட்டுக்கொண்டு நிற்பவர்களிடமா?

டாக்டர்களைப் பார்க்கவில்லை என்றில்லை. ஒருவர் டானிக் எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் என்னைத் தலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிடும்" என்றார். கெட்டிக்காரர்!

என்னைக் கண்டுபிடித்தது, வல்லத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்சம்மா. எதிர்வீட்டுப் பிள்ளைபெற்றவளைப் பார்க்க வந்தவர், தெருக்குழாயிலிருந்து நான் பாதிக்குடம் தண்ணீர் சுமந்துகொண்டு இரண்டு இடத்தில் நின்று நின்று வருவதைப் பார்த்திருக்கிறார். நேரே வந்து குடத்தை வாங்கி வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மாசா மாசம் தூரமாவுறியாம்மா?"

"அஞ்சு மாசமா இல்ல" என்றேன். அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

அவர் என் அம்மாவைக் கூப்பிட்டு, "இது வெரதம் இல்லம்மா. வியாதி. புதுச்சேரியில பெரிய ஆஸ்பத்திரியில ஒரு லேடி டாக்டர் இருக்காங்க, வெளிநாட்டுல மனசு சம்பந்தமாப் படிச்சிட்டு வந்தவங்க. ஒடனே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "எம் பொண்ணு நோம்பு இருக்கறா. பைத்தியம்னா சொல்ற நீ?"

நர்சம்மா அசரவில்லை. மறுவாரம் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது முறை வந்தபோது என் விரத நிறைவு விழாவுக்கு வீடு அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. மேல்சித்தாமூரில் சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் கார்டு போட்டாகிவிட்டது. நர்சம்மா அம்மாவிடம் போகாமல் நேரே மண்டிக்குப் போய் நைனா முன்னால் நின்று, "விழா வரைக்கும் இந்தப் பொண்ணு இருக்காது சார்" என்று சொல்லியிருக்கிறார். நைனா அப்போதே மண்டியைப் பூட்டினாராம். வீட்டுக்கு வந்தவர், நான் வாசற்படி ஏற இரண்டு கையையும் ஊன்றியதை நின்று பார்த்தார்.

"காலையில மொத பஸ்" என்றார். அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் பஸ் மாறிப் புதுச்சேரி போனோம். எனக்கு ஒரே குஷி! இரண்டு டாக்டர்களை விரட்டியவளாயிற்றே, மூன்றாவதையும் ஒரு கை பார்க்கலாம் என்ற திமிர். இடுப்பெலும்பு பஸ் சீட்டில் இடித்து உயிர் போயிற்று, அதையும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கைத்தறிப் புடவை, பெரிய மூக்குக் கண்ணாடி. அம்மாவையும் நைனாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பார், நான் விரதம் என்பேன், தீர்ந்தது கதை என்று தயாராக இருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"குளிருதா?" என்றார்.

மே மாதம். புழுக்கத்தில் அவர் நெற்றியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. எப்படித் தெரியும் இவருக்கு? "ஆமா" என்றேன்.

"நாள் முழுக்க சாப்பாட்ட பத்தியே நெனப்பு ஓடுமே? அடுத்தவங்க சாப்பிடறத பார்த்துக்கிட்டே இருக்கத் தோணுமா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எட்டு மாதமாக ஒரு ஜீவனிடமும் சொல்லாததை இந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"கனவுல வருதா சாப்பாடு?"

"வருது."

"என்ன வரும்?"

"அதிரசம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இதுக்கு ஒரு பேர் இருக்கு. இது ஒரு வியாதி. உன்ன மாதிரி பொண்ணுங்கள நான் பாத்திருக்கேன். நல்லாயிட்டாங்க" என்றார்.

அடேயப்பா! அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வேன்! எனக்கு வியாதி என்று கேட்டு நான் துள்ளிக் குதிக்காத குறை. என்னைப் போல் வேறு பெண்கள் இருக்கிறார்கள்! எங்கேயோ, எந்த ஊரிலோ, அவர்களுக்கும் குளிர்ந்திருக்கிறது, அவர்களும் குணமாகியிருக்கிறார்கள்! வெளியே ஓடிப்போய் நைனாவிடம் கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டார். இதயம் பலவீனமாக இருக்கிறது, இன்றைக்கே வார்டில் சேர்க்க வேண்டும், மெதுவாகத்தான் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று ஒளிக்காமல் சொன்னார். அம்மா கை கூப்பினாள். "வெரதம் முடியற வரைக்கும் ஊசி மருந்து மட்டும் குடும்மா. நடுவுல விட்டா தோஷம்."

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. காகிதத்தை எடுத்தார். "சரிம்மா. இந்த விரதத்த யார் கொடுத்தாங்கன்னு சொல்லுங்க. ஒத்தி வைக்கலாமான்னு நானே அவங்களுக்கு எழுதிக் கேக்கறேன்."

நியாயமான கேள்வி. எங்களில் விரதத்தை இஷ்டத்துக்கு ஆரம்பிக்க முடியாது. துறவிகள் முன்போ, கோயிலில் பகவான் முன்போ போய் நின்று, எதை விடுகிறேன், எத்தனை நாள் விடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி வாங்க வேண்டும். அம்மா நைனாவைப் பார்த்தாள்.

"சொல்லுங்களேன்."

"நான் இன்னா சொல்றது? நீதான மடத்துக்கு இட்டுனு போன?"

"நானா? நீங்க இட்டுனு போனீங்கன்னு இல்ல நெனச்சினு இருந்தேன்!"

எட்டு மாதம்! காலில் விழுந்தவர்கள் எத்தனை பேர், கார்டு போனது எத்தனை ஊருக்கு. ஒருத்தராவது யாரிடம் எடுத்தாய் என்று கேட்டார்களா? கேட்டால் பாவமாயிற்றே! இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"யார்கிட்டயும் எடுக்கல" என்றேன். "வெரதமே இல்லம்மா. பொய்."

அம்மா முகம் செத்துப் போயிற்று. அவள் அடித்திருந்தால் தேவலை. நைனா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ இங்க இரு பாப்பா" என்றார். அன்று மாலையே தனியாகச் செஞ்சிக்குத் திரும்பி, கார்டு போட்ட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, விழா இல்லை, மகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்த மனிதர் அவர். அதற்கு முன் யார் முன்னாலும் அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

வார்டில் புதுப்புதுச் சட்டங்கள். ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. சாப்பிட்டால் பாராட்டக் கூடாது, சாப்பிடாவிட்டால் திட்டக் கூடாது. எடை பார்க்க முதுகைக் காட்டி ஏறி நிற்க வேண்டும், முள்ளைப் பார்க்க விடமாட்டார்கள். ஒவ்வொரு வேளையும் ஒருத்தர் தட்டு வைத்துக்கொண்டு என்கூடவே சாப்பிட வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் டாக்டரம்மா ஒரு மணி நேரம் பேசுவார். அந்த நாட்களுக்காகக் காத்துக் கிடப்பேன்! டீச்சர் டிரெய்னிங் பற்றிப் பேசினேன், மூட்டை என்று சிரித்த அம்மாளை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அந்த வீட்டில் நானாக முடிவுசெய்த ஒரே காரியம் சாப்பிடாமல் இருந்ததுதான் என்று ஒரு நாள் என் வாயாலேயே சொன்னேன்.

அம்மா என்கூடவே தங்கினாள். பகலில் ஐந்து வேளையும் தட்டோடு வந்து உட்காருவாள், ராத்திரி வேளைக்கு வார்டு ஆயாம்மாள்தான். ஆனால் பேச்சு கிடையாது. அழுதுகொண்டே நான் ஐந்து வேளைக்குப் பழகினேன். ஆறாவது வேளையில்தான் வம்பு. அது ஏழு மணிக்கு. பொழுது சாய்ந்தபின் எங்கள் வாயில் எதுவும் படாது. அது எங்கள் வழக்கம். உடம்பு முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான், "நாங்க இருட்டினா சாப்பிட மாட்டோம்" என்று தினமும் தட்டைத் தள்ளினேன். உள்ளே இருந்த பயத்துக்கு ஒளிந்துகொள்ள அந்த ஒரு இடம்தான் மிச்சம்.

மூன்றாவது வாரம் எடை ஏறவில்லை. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியிருக்கும், அதற்கும் இந்த இதயம் தாங்குமோ என்னவோ என்று டாக்டரம்மா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அன்று ஏழு மணிக்கு ஆயாம்மாள் இரண்டு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் கொண்டுவந்து வைத்தாள். நான் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே நன்றாக இருட்டிவிட்டிருந்தது. பின்னால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மாவுக்கு எதிரிலும் ஒரு தட்டு.

ஏழு வயதில் பகவான் முன்னால் நின்று எடுத்த விரதம் அவளுடையது. மூன்று பிள்ளை பெற்றபோதும், டைபாய்டில் கிடந்தபோதும் பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொட்டவளில்லை. கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. மன்னிப்புக் கேட்டிருப்பாள். பிறகு இட்லியைப் பிய்த்து வாயில் போட்டாள். விழுங்க முடியாமல் விழுங்கினாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அம்மா, உனக்கெதுக்கும்மா!" என்று அலறினேன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னோடு பேசினாள்.

"வாயப் பொளந்துகினு இன்னாடி பாக்குற? நான் தனியாவா தின்னுவேன்?"

அடுத்த துண்டைப் பிய்த்தாள். நான் என் தட்டை இழுத்து வைத்துக்கொண்டேன்.