செல்வாம்பாள் ஏற்றிய குத்துவிளக்கு

பிள்ளைச்சாவடி போகிற சாலையோரத்தில் செல்வாம்பாள் ஆப்பக்கடை போட்டிருக்கிறாள். தள்ளுவண்டி, ரெண்டு அடுப்பு, மேலே ஒரு தார்ப்பாய். வேலைக்குப் போகிற ஜனங்கள் பைக்கை நிறுத்திக் காலைத் தரையில் ஊன்றுவார்கள், இறங்க மாட்டார்கள். பொட்டலத்தை ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவாள், வண்டி கிளம்பிவிடும். மூத்த மகளைக் கனகசெட்டிக்குளத்தில் கட்டிக்கொடுத்ததும் சின்னவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்ததும் இந்த ஆப்பத்தில்தான். புருஷன் பாவாடை தேங்காய் துருவிக் கொடுப்பார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பது அவருக்கே பிடிக்காது.

கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த மனையில் ஒரு கம்பெனி ஹோட்டல் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. காரை விட்டு இறங்காமலே சாப்பாடு வாங்கலாமாம். ஒரு ஜன்னலில் சொல்ல வேண்டும், அடுத்த ஜன்னலில் வாங்க வேண்டும். மனுஷ மூளைக்கு இதுவரை எட்டாத யோசனை என்கிற மாதிரி பேப்பரில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஹாஜா பாய் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

“அக்கா, நீ இத்தினி வருஷமா பண்றதுக்குப் பேரு தெரியாமப் போச்சே. ட்ரைவ் த்ரூவாம்.”

“பேரு எதுவா இருந்தா இன்னா பாய். காரு எந்தப் பக்கமா உள்ள போவும்?”

அதுதான் விஷயம். கம்பெனி போட்ட பிளானில் கார் நுழைகிற வாசல் சரியாக அவளுடைய அடுப்புக்கு மேலே விழுந்திருந்தது.

ஆட்சேபனை சொல்ல சர்க்காரில் ஒரு கூட்டம் வைப்பார்கள், அதில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதற்குள் கோபிநாத் வந்தான். அவளுடைய மருமகனுக்குக் கூடப்பிறந்த தம்பி. இவனுடைய அம்மாதான் பெண் பார்க்க வந்த அன்று கேசரியில் முந்திரி கிடக்கிறதா என்று கரண்டியால் கிளறிப் பார்த்த சம்பந்தியம்மாள். பையனுக்கு அந்தக் கம்பெனியில் உள்ளூர் ஆட்களைச் சரிக்கட்டுகிற உத்தியோகம். யாருக்கு யார் சொந்தம் என்று தெரிந்து வைத்திருப்பதற்கு மாசச் சம்பளம் கொடுக்கிற காலமும் வந்துவிட்டது.

கையில் தாம்பூலத் தட்டு வைத்திருந்தான்.

“அத்த, நம்ம கம்பெனி மனையில பூமி பூஜ. நீங்கதான் வந்து விளக்கேத்தணும். அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க.”

அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஹாஜா பாய் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பாய்க்கென்ன, ஆட்டலாம். சம்பந்தி வீட்டுத் தட்டைத் திருப்பி அனுப்பினால், கனகசெட்டிக்குளத்தில் இருக்கிற மகள் ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் அதைக் கேட்டு விழுங்க வேண்டும். செல்வாம்பாள் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், அஞ்சு முகத்துக்கும் திரி தூண்டி, தன் அடுப்பை அணைக்கத் தானே விளக்கேற்றிவிட்டு வந்தாள். பாவாடை சுண்டலை ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

கூட்டத்தன்று மண்டபத்துச் சுவரில் கம்பெனிக்காரர்கள் சினிமா மாதிரி படம் காட்டினார்கள். பட்டுப்புடவையும் குத்துவிளக்குமாகச் செல்வாம்பாள் சுவர் முழுக்க நின்றாள்.

“அக்கம்பக்கத்துக் கடைக்காரங்களே வந்து தொடங்கி வெச்சிருக்காங்க. அப்புறம் இன்னா ஆட்சேபன?” என்றார் அதிகாரி.

“அது சம்பந்தி வீட்டு விசேஷம்னு போனேன், சார்.”

“கட்டாயப்படுத்தி இட்டும்போனாங்களா?”

“தட்டு வெச்சுக் கூப்ட்டாங்க.”

“தட்டு வெச்சா அது கட்டாயமா?” என்று கேட்டுச் சிரித்தார். மனுஷர் தாம்பூலமே இல்லாத தேசத்தில் பிறந்து வளர்ந்தவர் போலிருக்கிறது. “அதுவும் இல்லாம, உங்க கடையில வண்டிங்க நின்னு வழிய அடைக்குது. இடத்த வந்து பாத்துட்டு முடிவு சொல்றோம்.”

கார்கள் வரிசை கட்டி நின்றால் வளர்ச்சி. பைக் நின்றால் அடைப்பு. படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மறுநாள் மாவு கரைத்துக்கொண்டே பாவாடையிடம் கேட்டாள்: “ஏங்க, நம்ம வீட்டுத் தாம்பூலத் தட்டு எங்க?”

வெற்றிலை, பாக்கு, பூவன்பழம், மஞ்சள், குங்குமம். பஸ் ஏறிக் கனகசெட்டிக்குளம் போய்ச் சம்பந்தியம்மாள் எதிரிலேயே நீட்டினாள்.

“கடைக்குப் புது அடுப்பு வாங்கியிருக்கேன் சம்பந்தி. கோபிநாத் மாப்ளதான் வந்து பத்த வெச்சு, முதல் ஆப்பம் சாப்புடணும்.”

கோபிநாத் வாயைத் திறந்தான். அதற்குள் அவன் அம்மா எழுந்து ரெண்டு கையாலும் தட்டை வாங்கிவிட்டாள். “இதுகூட செய்ய மாட்டானா, வருவான்.”

வந்தான். வேலைக்குப் போகிற வழி என்பதால் கம்பெனி சட்டையோடு வந்தான். அடுப்பைப் பற்ற வைத்தான், ஆப்பத்தையும் தின்றான். ஹாஜா பாய் போனில் படம் எடுத்தார். இந்த ஊரில் பேனர் வைக்கக் கூடாது என்று தடை இருக்கிறதாம். அதனால்தான் காதுகுத்துக்குக்கூட ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். மனையின் வேலியில் ஆள் உயரத்துக்கு ஒன்று ஏறியது. கம்பெனி சட்டையில் கோபிநாத் ஆப்பம் தின்கிறான். மூலையில் பாவாடை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கும்பிடுகிறார். ‘ஆப்பக்கடையின் புது அடுப்பைத் தொடங்கிவைத்து வாழ்த்திய ஹோட்டல் கம்பெனிக்கு நன்றி.’

இடம் பார்க்க ஜீப்பில் வந்த அதிகாரிகள் முதலில் பார்த்தது அதைத்தான். பெரிய அதிகாரி கோபிநாத்தைக் கூப்பிட்டார்.

“இது நீதானே?”

“சார், கடக்காரம்மா எங்க அண்ணியோட அம்மா.”

“கட்டாயப்படுத்துனாங்களா?”

“தட்டு வெச்சு...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

அதிகாரிகள் வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். கம்பெனியே வாழ்த்திய கடையை எடுக்கச் சொன்னால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்று அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. நியாயம் தோன்றாத இடத்தில் பயமாவது தோன்றியதே. வாசலை மனையின் அந்தக் கோடிக்கு மாற்றி வேறு பிளான் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள்.

ஜீப் நேராக வந்து தள்ளுவண்டிப் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. ஆள் யாரும் இறங்கவில்லை.

“சூடா ஆப்பம் கட்டுங்கம்மா. தேங்காப்பால் தனியா.”

செல்வாம்பாள் கட்டிக் கொடுத்தாள். பின்னால் பைக்கில் வந்து நின்றவன் ஹாரன் அடித்தான்.

“ஜீப்ப கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லு பாய்,” என்றாள். “வழிய அடைக்குது.”