ஒரு முக்காலிக்கு மட்டும் இடம்

குவெக் பூன் சியாங் முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தில் முட்டை பார்த்தார். உடைத்துப் பார்க்கும் வேலை அல்ல. எந்த நாட்டில் எத்தனை கோழி முட்டை இடுகிறது, அங்கே காய்ச்சலோ கலவரமோ வந்தால் அடுத்து எந்த நாட்டுக் கோழியிடம் போய் நிற்பது என்று கோப்பு எழுதும் வேலை. சிங்கப்பூரில் பண்ணை வைக்க மண் இல்லை, யாரோடும் மோத உடம்பும் இல்லை. ஆனால் காலையில் ஆளுக்கு இரண்டு அரைவேக்காட்டு முட்டை தவறாமல் வேண்டும். இந்தச் சங்கடத்தின் நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு, உலகம் முழுவதும் சந்தேகத்துக்குரியதாகவும் சிரித்துப் பேச வேண்டியதாகவும் ஒரே சமயத்தில் தெரிந்ததில் வியப்பில்லை.

ஓய்வு பெற்றதும் ஆள்வதற்கு அவருக்கு மிஞ்சிய நாடு வீடுதான். எங்கள் மாடியில், மின்தூக்கியை ஒட்டிய நான்கறை வீடு. மக்கள்தொகை இரண்டு: அவரும் மனைவி கியோக் ஹியாங்கும்.

முடி வெட்ட இரண்டு கடை வைத்துக்கொண்டார், மாதம் மாற்றி மாற்றி. இரண்டு கடையிலும் ஒரே கோணலாகத்தான் வெட்டினார்கள். காப்பிக்கு மூன்று கடை. எந்தக் கடைக்காரரிடமும் மற்றவரிடம் சிரித்ததைவிட அதிகமாகச் சிரிக்க மாட்டார். பற்பசைகூட மூன்று நாடுகளிலிருந்து. பல் என்னவோ பாதிதான் இருந்தது.

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலை வேளையில் இரண்டு மூச்சுப்பயிற்சிக் குழுக்கள் கூடும். சிவப்புச் சட்டைக் குழுவுக்கு மேடம் சீட் தலைவி, நீலச் சட்டைக்கு மிஸ்டர் நியோ தலைவர். வெயில் படாத மூலை ஒன்றே ஒன்று என்பதால் இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. குவெக் திங்கள், புதன், வெள்ளி சிவப்பில் மூச்சு விட்டார்; செவ்வாய், வியாழன், சனி நீலத்தில். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டிலேயே மூச்சு விட்டார். இரண்டு தலைவர்களும் அவரை வெறுத்தார்கள், இருவரும் விழாக் காலத்தில் நிலா கேக் அனுப்பினார்கள். இதைத்தான் அவர் வெற்றி என்று எண்ணினார்.

கியோக் ஹியாங்குக்கு ஒரே சட்டைதான், சிவப்பு. பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு காலை, இருபது பேர் நடுவில் மேடம் சீட் அவரைப் பார்த்துச் சொன்னார்:

"உன் புருஷன் மாதிரியே நீயும் ரெண்டு பக்கமும் கால வெச்சுக்கிட்டு நிக்கிறியே. ஒழுங்கா நிக்கத் தெரியலன்னா வீட்டுல போய் முட்ட அவி, போ."

அழுதுகொண்டே மேலே வந்த கியோக் ஹியாங் கணவரைக் கேட்டது ஒன்றுதான். கீழே போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

குவெக் போனார். மேடம் சீட்டின் தம்பி அரிசி மொத்த வியாபாரி. வீட்டுக்கு மூட்டை அவரிடமிருந்து மலிவாக வந்துகொண்டிருந்தது. அதை மனதில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்:

"ரெண்டு தரப்பும் நிதானமா நடந்துக்கணும்னு கேட்டுக்கறேன்."

மேடம் சீட் கை தட்டினார். மாடி திரும்பியதும் கியோக் ஹியாங் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு தரப்பா? அதுல நான் எந்தத் தரப்பு?"

"நாம எந்த ஆளு பக்கமும் இல்ல. கொள்கை பக்கம்."

"ஓகோ. அந்தக் கொள்கைக்குச் சட்ட தோச்சுப் போடுறது யாரு, ஆபீசர்?"

நடைபாதைக் கம்பியில் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகக் காய்ந்துகொண்டிருந்தன. குவெக் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கருத்துக் கூறாமல் இருப்பதும் அவருக்கு ஒரு கொள்கை.

பதினைந்தாம் தேதி வந்தது. ஆண்டுதோறும் அன்று மாலை ஆறு இருபதுக்கு, போர் வந்தால் என்ன செய்வது என்ற ஒத்திகைக்காக, நாடு முழுவதும் சைரன் ஊதும். நாடு முழுவதும் மக்கள் அதைக் கேட்டுவிட்டு மீதி நூடுல்ஸைச் சாப்பிடுவார்கள். எங்கள் வீடுகளில் எல்லாம் ஒரு பதுங்கறை உண்டு: குண்டு துளைக்காத சுவர், இரும்புக் கதவு. அதில் நாங்கள் பழைய பெட்டியும் பிய்ந்த செருப்பும் போட்டு வைத்திருந்தோம். குவெக் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் சைரன் கேட்டதும் மனைவியோடு உள்ளே போய், இரண்டு பிளாஸ்டிக் முக்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். பேச்சு கிடையாது. கியோக் ஹியாங் பின்னல் வேலை செய்வார். வருடத்தில் அந்தப் பத்து நிமிடம்தான் மனிதர் வேறெங்கும் பார்க்காமல் பக்கத்தில் உட்காருகிறார் என்று எதிர்வீட்டு ருக்கையாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டு எங்கோ ஒரு கடல்வழியில் கப்பல்களைச் சுடுகிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. குவெக் வாங்கினார். தாய்லாந்து அரிசி, வியட்நாம் அரிசி, இந்திய அரிசி. மூன்று தேசத்துச் சார்டின் டின். தண்ணீர்ப் புட்டி, பேட்டரி, கழிவறைக் காகிதம். பதினைந்தாம் தேதி சைரன் ஊதியபோது கதவைத் திறந்தால், உள்ளே ஒரு முக்காலிக்கு மட்டும் இடம் இருந்தது.

அதில் குவெக் உட்கார்ந்தார்.

"எனக்கு?" என்றார் கியோக் ஹியாங், தன் முக்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஒத்திகைதானே. நீ கூடத்துல இரு. நெசமா வந்தா பாத்துக்கலாம்."

"நெசமா வந்தா எத எடுத்து வெளிய வெப்பீங்க? அரிசியையா, சார்டினையா, என்னையா?"

குவெக் யோசித்தார். கணவன்மார் யோசிக்கக் கூடாத இடம் அது. யோசித்ததோடு நிற்காமல் பதிலும் சொன்னார்.

"அது அப்ப இருக்குற நெலவரத்தப் பொறுத்தது."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிடம் கழித்துத் திறந்தபோது வாசலில் முக்காலி இருந்தது. அதன் மேல் அவருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரை டப்பா. கியோக் ஹியாங் பாலம் தாண்டி, மலேசியாவில் பத்து பகாட் என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பேருந்து ஏறியிருந்தார்.

பதினேழு நாட்டுக் கோழிகளுக்குப் பெயர்ப்பட்டியல் வைத்திருந்த மனிதர், முப்பத்தேழு வருடமாகச் சோறு, துணி, மாத்திரை, பேச்சு எல்லாவற்றையும் ஒரே ஒரு பெண்ணிடமிருந்து பெற்று வந்தார் என்பதை மறுநாள் காலை கண்டுபிடித்தார். காலையில் எந்த மாத்திரை, மாலையில் எந்த மாத்திரை என்று அவருக்குத் தெரியாது. மாற்று ஏற்பாடாக மூன்று காப்பிக்கடைகளிலும் மாறி மாறிச் சாப்பிட்டார். மூன்று இடத்திலும் ஒருவர்கூட "ஏன் பாதியில வெச்சிட்டீங்க?" என்று கேட்கவில்லை. அத்தனை சமமாகப் பழகியிருந்தார்.

இரண்டாம் வாரம் ஒரு தாளோடு ருக்கையாவின் கதவைத் தட்டினார். மனைவிக்கு எழுதிய கடிதம், அனுப்பும் முன் அபிப்பிராயம் வேண்டுமாம். ருக்கையா படித்துவிட்டு, சிரிப்பில் நழுவிய முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அங்கிள், இது கடுதாசியா, ஒப்பந்தமா? 'இருதரப்பு நலன் கருதி'ன்னு ஆரம்பிக்கிறீங்க. ஆறு அம்சம் வேற!"

"தெளிவா இருக்கணுமில்ல?"

"தெளிவா ஒரு மன்னிப்புக் கேளுங்க. ஆன்ட்டி பத்து பகாட்ல இருக்காங்க, ஐநா சபையில இல்ல."

"மன்னிப்புக் கேட்டா அதுவே முன்னுதாரணமாயிடும்."

"ஆகட்டுமே அங்கிள்! அப்பவாச்சும் வீட்ல சோறு கெடைக்குமே."

அடுத்த நாள் குவெக், பாலத்தின் வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, மரியாதைக்கு இரண்டு டின் சார்டினோடு பத்து பகாட் போய்ச் சேர்ந்தார். மைத்துனி வீட்டு முற்றத்தில் நாற்பது கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. தம் வாழ்நாளெல்லாம் காகிதத்தில் மட்டும் பார்த்த கோழியை அவர் நேரில் கண்டது அன்றுதான் என்று சொல்லலாம். ஒன்று அவர் செருப்பைக் கொத்தியது.

ஆறு அம்சத் தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. "நான் உள்ள உக்காந்தது தப்பு" என்று மட்டும் சொன்னார். சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்ததாம்.

கியோக் ஹியாங் இரண்டு அரைவேக்காட்டு முட்டையை அவர் முன் வைத்தார்.

"வர்றேன். ஆனா பாதி நாள் அங்க, பாதி நாள் இங்க."

"எதுக்கு?"

"ஒரே எடத்த நம்பி இருக்கக்கூடாதுன்னு முப்பத்தேழு வருஷமா பாடம் எடுத்தது யாரு?"

"எந்த வாரம் எங்கன்னு ஒரு கணக்கு இருக்கணுமே, கியோக் ஹியாங்."

"அது அப்ப இருக்குற நெலவரத்தப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு அவர் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

திரும்பி வந்த குவெக் கீழ்த்தளத்தில் மேடம் சீட்டிடம், "என் பொண்டாட்டிய நீங்க பேசினது தப்பு" என்றார். சிவப்பிலிருந்து விலகினார். மறுநாளே, சமநிலை கெடக் கூடாது என்று நீலத்திலிருந்தும் விலகினார். ஒரு மனிதர் அதற்குமேல் திருந்த முடியாது. மேடம் சீட்டின் தம்பியிடம் அரிசி விலை ஏறியது. சார்டினை மாடி முழுவதற்கும் கொடுத்தார். நாங்கள் இன்னும் தின்று முடிக்கவில்லை. பதுங்கறையில் இரண்டு முக்காலிக்கு இடம் வந்தது.

அடுத்த பிப்ரவரி பதினைந்து, கியோக் ஹியாங் பத்து பகாட்டில் இருந்த வாரத்தில் வந்தது. சைரன் ஊதியது. குவெக் உள்ளே போய், இரண்டு முக்காலியும் போட்டு, கதவைச் சாத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடைபாதை வரை வந்தார். அந்தச் சுவர் குண்டை மட்டுமல்ல, கைப்பேசி அலையையும் உள்ளே விடாது.

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் மறுமுனை எங்களுக்கும் கேட்டது.

"என்ன சத்தம் அங்க?"

"சைரன்."

"அப்ப உள்ள போய் உக்காருங்க."

"உள்ள போனா உன் குரல் கேக்கல."

"கதவ?"

"தொறந்துதான் வெச்சிருக்கேன்."

நாட்டிலேயே அந்த ஒத்திகையைத் தவறாமல் செய்துவந்த ஒரே குடிமகனும் அன்றோடு நிறுத்திவிட்டார்.